ஸ்கோன் பாட்டு

வினோதாவின் குரல் மொத்தம் பதினான்கு விநாடி. விடிந்ததிலிருந்து அதை முப்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

“அப்பா, இப்பதாம்ப்பா கெளம்புறேன். மழ வர்ற மாதிரி இருக்கு. சுடுதண்ணி போட்டு வைங்க.”

பேச்சுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரி பியானோவோடு இழுத்து இழுத்துப் பாடுகிறாள். பாட்டு முடிகிறது. கைதட்டல் கேட்கிறது. அத்தோடு பதிவும் முடிந்துவிடுகிறது. நேற்று மாலை ஐந்து இருபதுக்கு இது அவளுடைய அப்பா வீரய்யாவின் போனுக்கு வந்தது. அவள் வரவில்லை. அவளுடைய போனும் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை.

வினோதாவுக்கு இருபத்தொரு வயது. லிந்துலைக்கு மேலே மெல்ரிக் தோட்டத்தில் பழைய துரை பங்களாவைச் சுற்றுலா விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அங்கேதான் வேலை. வீடு மலைக்குக் கீழே லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். ஆற்றை ஒட்டிய பாதையில் இறங்கினால் அரை மணி நேரம். இரவு முழுக்க அறுபது ஆண்கள் டோர்ச் லைட்டோடு அந்த ஆற்றைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். நானும் போயிருந்தேன். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. இந்தக் குளிரில், இந்த மழையில், இன்னொரு இரவை யாரும் வெளியே தாங்க மாட்டார்கள். இது எல்லோருக்கும் தெரியும். வீரய்யாவின் முன்னால் மட்டும் யாரும் சொல்லவில்லை.

என் பெயர் ஸஜ்ஜாத். த்ரீவீல் ஓட்டுகிறேன். மீதி நேரத்தில் துப்பறியும் நிபுணர் நாகலெட்சுமிக்கு உதவியாளர். மிஸ் முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஒபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைநாட்டின் பாதிச் சண்டையும் பாதிக் கல்யாணமும் அவர் காது வழியாகத்தான் போயிருக்கின்றன. எதிர்முனையில் ஆள் மூச்சு விடுவதை வைத்தே பொய்யா உண்மையா என்று சொல்லிவிடுவார். என் ஜோக்குகள் மட்டும் அந்தக் காதில் விழுவதில்லை.

பகல் ஒன்றரைக்கு நாங்கள் பங்களாவின் பின்பக்க அறையில் நின்றோம். தட்டுகளும் கோப்பைகளும் அடுக்கியிருந்த அறை. வாசற்படியில், மழைச் சாரலில், வீரய்யா உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை. காலில் சேறு இருக்கிறதாம்.

பங்களாவின் அப்பு செல்லசாமி, அதாவது சமையலையும் பரிமாறலையும் பார்க்கிறவர், அந்தப் பதினான்கு விநாடியைக் கண்ணை மூடிக் கேட்டார்.

“இது ஸ்கோன் பாட்டுங்க மிஸ்” என்றார்.

“என்ன பாட்டு?”

“ஸ்கோன் பாட்டு. ஹோல்ல மணி நாலு அடிச்சதும் டிஸ்க்கப் போடுவேன். மொதப் பாட்டுக்குத் தேத்தண்ணி. மூணாவது பாட்டுக்கு ஸ்கோன், அந்தக் குட்டி பன்னு, சுடச்சுடப் போகணும். ஏழாவதுக்குக் கேக்கு. ஒம்பதாவதுக்கு பீங்கானெல்லாம் எடுத்துருவோம். இங்கிலீசு பாட்டு எங்களுக்கு வெளங்காதுங்க. எத்தனாவது பாட்டுன்னு வெளங்கும்.”

“கடிகாரம் இல்லையாண்ணே?” என்றேன்.

“கடிகாரத்த அண்ணாந்து பாத்துகிட்டு ட்ரே தூக்குனா, தேத்தண்ணி வெள்ளக்காரன் மடியிலதான் தம்பி இருக்கும்.”

சரியான பதில்தான்.

“அப்ப மூணாவது பாட்டு எத்தன மணிக்கு?” என்றார் மிஸ்.

“நாலு பத்துக்குள்ள முடிஞ்சிரும்.”

“வினோதா வழக்கமா எத்தன மணிக்குப் போவா?”

“நாலரைக்கு முந்தி. தேயிலை நிறுத்து முடிச்சதும் காவக்காரன் ஆத்துப்பாதை கேட்டப் பூட்டிருவான். அதுக்கப்புறம் பொம்பளப் புள்ளைங்க யாரும் பங்களாவுல இருக்கக்கூடாதுன்னு மொதலாளி உத்தரவு.”

“நேத்து அவ போனத நீங்க பாத்தீங்களா?”

“இல்லீங்க. ஒம்பதாவது பாட்டுக்கப்புறம் நான் பின்னால குசினியில இருப்பேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காய் வெட்டணும். அங்க ரேடியோ போட்டுருவோம்.”

அப்போது மேனேஜர் கஜேந்திரன் உள்ளே வந்தார். நேற்று இரவு ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று “வினோதா! வினோதா!” என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கூப்பிட்டவர் இவர்தான். குரல் கட்டிப்போயிருந்தது. கண்கள் சிவந்திருந்தன. பெரிய இடத்து ஆட்களில் இப்படியும் ஒருவரா என்று எனக்கு இரவிலேயே அவர்மேல் மரியாதை வந்திருந்தது.

“மிஸ், நான் சொன்னதத்தான அப்புவும் சொல்றாரு? நாலு பத்துக்கே கெளம்பிட்டா. பங்களாவுல கவரேஜ் இல்ல, கேட்டத் தாண்டிப் பத்து நிமிசம் எறங்குனா கெடைக்கும். மெசேஜ் போனது அஞ்சு இருவதுக்கு. நடுவுல ஒரு மணித்தியாலம் எங்க இருந்தா?” வாசற்படியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “யாரோ ஒரு பையன் இருந்திருக்கான். இந்நேரம் கொழும்புல இருப்பாங்க. ஆளுங்களும் பாவம், ராவெல்லாம் தூங்கல. மூணு மணியோட தேடுறத நிறுத்தச் சொல்லிட்டேன்.”

தாழ்த்திய குரல் வாசல்வரை போயிருந்தது. வீரய்யா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“ஏம் புள்ள அப்பிடி இல்லீங்க.”

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. மழை பெய்தால் ஒரு வசதி, முகத்தைத் துடைத்தாலும் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

மிஸ் ஹோலுக்குப் போனார். சாப்பாட்டு மேசையில் வெள்ளிக் கரண்டிகளும் தட்டுகளும் பளபளவென்று அடுக்கியிருந்தன. பக்கத்திலேயே சிடி மெஷின். “மூணாவது பாட்ட வைங்க” என்றார். செல்லசாமி ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து டிஸ்க்கை எடுத்துப் போட்டார். அதே வெள்ளைக்காரி. அதே பியானோ. மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தது. உடனே நாலாவது பாட்டு தொடங்கிவிட்டது.

“கை தட்டல் எங்க?” என்றார் மிஸ்.

“அது விருந்தாளிங்க தட்டியிருப்பாங்க மிஸ்” என்றார் கஜேந்திரன். “அவங்களுக்கு இந்தப் பாட்டெல்லாம் உசுரு.”

“நேத்து எத்தன பேர் தங்கியிருந்தாங்க?”

“ரெண்டு பேருங்க” என்றார் செல்லசாமி. “வயசான புருசன் பொஞ்சாதி. அந்தம்மா பாவம், கண்டியில வழுக்கி விழுந்து வலது கை ஒடஞ்சு மாக்கட்டு போட்டிருக்காங்க.”

மிஸ் போனை எடுத்து அந்தப் பதிவின் கடைசி இரண்டு விநாடியை மறுபடி ஓடவிட்டார். படபடவென்று மழை தகரத்தில் விழுவது மாதிரி இருந்தது.

“மிஸ், அப்ப அந்தப் பெரியவருக்கு ஒரு அம்பது கையாவது இருக்கணும்” என்றேன்.

மிஸ் என்னைப் பார்த்தார். என் ஜோக் அவர் காதில் விழுந்த முதல் நாள் அது.

“டிஸ்க்க நிறுத்தாதீங்க. முழுசாக் கேக்கணும்” என்றார்.

கஜேந்திரனின் விரல் முந்திக்கொண்டது. மெஷினை நிறுத்தி, டிஸ்க்கை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். “மன்னிச்சுக்குங்க. மூணு மணிக்கு ஒரு கல்யாணக் கோஷ்டி வருது. பாட்டுக் கேக்குற நேரமா இது?”

“இதோட அட்டையாவது இருக்கா?”

“அட்டையெல்லாம் எப்பவோ காணாமப் போச்சுங்க” என்றார் செல்லசாமி. “லிந்துலை மஃறூப் கடையில வாங்குனது.”

மணி இரண்டு ஐந்து. நான் வண்டியை எடுத்தேன்.

மலையிறக்கத்தில், மூடுபனியில், என் வண்டிக்கு முன்னால் ஐந்து அடிதான் தெரிந்தது. வழக்கமாக இந்த ரோட்டில் மிஸ் “மெதுவா, மெதுவா” என்று என் தோளைப் பிடிப்பார். இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“மிஸ், ஒரு பாட்டு எப்பிடி ஒரு பொண்ணக் கண்டுபிடிக்கும்?”

“கண்டுபிடிக்காது. ஆனா, ஒரு பாட்டுக்காரி நேத்து ஒரே டிஸ்க்கில கை தட்டலோடயும் பாடியிருக்கா, கை தட்டல் இல்லாமயும் பாடியிருக்கா. எது பொய்யின்னு எனக்குத் தெரியணும்.”

மஃறூப் நானாவின் கடையில் குடை, டோர்ச், சாமிப் படம், தொப்பி எல்லாம் ஒரே கயிற்றில் தொங்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “பிள்ளை கிடைச்சிச்சா?”

“இல்ல நானா. பங்களாவுக்கு ஒரு சிடி வித்தீங்களே, பழைய இங்கிலீஷ் பாட்டு...”

“அஞ்சு டிஸ்க் பெட்டி. நூறு பாட்டு. கொழும்புல இருந்து ரெண்டு பெட்டி எடுத்தேன். ஒண்ணு பங்களாவுக்குப் போச்சு. மற்றது அப்படியே இருக்கு. இந்த ஊர்ல யார் வாங்குவா?”

மேல் தட்டிலிருந்து தூசி தட்டி இறக்கினார். தங்க நிறத்தில் ஒரு சீமாட்டியின் படம். மெல்லிய அட்டை, அரைகுறை அச்சு. மிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் டிஸ்க்கின் பின்பக்கத்தைப் படித்தார். விரல் மூன்றாவது வரியில் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி, பதினெட்டாவது வரியில் நின்றது.

“ஸஜ்ஜாத், இங்க பாரு. மூணாவது பாட்டும் பதினெட்டாவது பாட்டும் ஒரே பேரு. ஒரே பாடகி.”

“அச்சுப் பிழையா மிஸ்?”

மஃறூப் நானா சிரித்தார். “பிழை எல்லாம் இல்ல மகன். இது மலிவுப் பெட்டி. ரொம்பப் பழைய ரெக்கோர்டுக்குச் சில நாட்டுல இப்ப உரிமை கேக்க ஆள் இல்லையாம். கிடைச்சத அள்ளிப் போட்டு அடிப்பாங்க. நூறுன்னு அட்டையில போட்டாச்சு, எண்ணிக்கை காணாது. என்ன செய்வான்? அந்தம்மா ஸ்டூடியோவில பாடினத ஒரு தடவ போடுவான். அதையே எங்கயாவது மேடையில பாடியிருப்பா, அதையும் ஒரு தடவ போடுவான்.”

“போடுங்க நானா” என்றார் மிஸ். “பதினெட்டாவது.”

விற்பனைக்கு வைத்திருந்த சிடி மெஷினில் போட்டார். அதே வெள்ளைக்காரி. அதே பியானோ. இந்தத் தடவை குரல் கொஞ்சம் வயதானது போல இருந்தது, ஆனால் பதினான்கு விநாடிப் போன் பதிவில் அந்த வித்தியாசம் யாருக்குத் தெரியும்? பாட்டு முடிந்தது.

ஒரு மண்டபமே கை தட்டியது.

மஃறூப் நானா ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“செல்லசாமி பொய் சொல்லல” என்றார் மிஸ். “அவருக்கு இது ஸ்கோன் பாட்டுதான். பதினெட்டாவது பாட்டு ஓடுற நேரம் அவரு குசினியில ரேடியோ கேட்டுக்கிட்டுக் காய் வெட்டுறாரு. இத்தன வருசமா அந்தப் பாட்டு ரெண்டாவது தடவ வர்றது அவருக்கே தெரியாது.” அட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் நிமிடம் அச்சடித்திருந்தது. விரல் வைத்து மளமளவென்று கூட்டினார். “பதினேழு பாட்டுக்கு அம்பத்து மூணு நிமிசம். பதினெட்டாவது நாலு நிமிசம். நாலு மணிக்குத் தொடங்கினா...”

“நாலு அம்பத்தேழு” என்றேன்.

“அப்பதான் அந்தப் புள்ள ‘இப்பதான் கெளம்புறேன்’னு சொல்லியிருக்கா. காணாமப் போன ஒரு மணித்தியாலமும் இல்ல, பையனும் இல்ல. அஞ்சு மணி வரைக்கும் பங்களாவிலதான் இருந்திருக்கா.”

சந்தோஷப்பட வேண்டும் போல இருந்தது. ஆனால் மிஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் ஒரு விநாடி கழித்துத்தான் உறைத்தது. கேட்டை நாலரைக்கே பூட்டிவிடுவார்கள். அப்படியென்றால் அவள் ஆற்றுப்பாதையில் இறங்கவே இல்லை. அறுபது பேர், ஒரு முழு இரவு, அரைப் பகல், அவள் இல்லாத இடத்தில் தேடியிருக்கிறோம்.

ஆற்றங்கரையில் தேடுகிறவர்களோடு போய்ச் சேர்ந்திருந்த வீரய்யாவுக்கு மிஸ் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

“வீரய்யா, நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேட் பூட்டினப்புறம் பங்களாவில இருந்து லயத்துக்கு எப்பிடி வருவீங்க?”

“ரோட்டால சுத்தித்தாங்க வரணும். மூணு கட்டை தூரம்.”

“வேற வழியே இல்லையா?”

வீரய்யா மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

“ஒண்ணு இருக்குதுங்க... முந்தி போவாங்க. இப்ப யாரும் போறதில்ல. பழைய ஸ்டோரு.”

தேயிலை ஆலையைத்தான் எங்கள் பக்கம் ஸ்டோர் என்பார்கள். மெல்ரிக்கின் பழைய ஸ்டோர் இருபது வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, ஆற்றுக்கு நேர் எதிர்த்திசையில், மலையின் மறுபக்கத்தில். மேல் தட்டின் ஜன்னல் வழியாக உள்ளே போய், கொழுந்து வாட்டும் பலகைத் தளத்தைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கினால் லயத்துக்குப் போக ரோட்டைவிட இருபது நிமிடம் மிச்சம்.

“அங்க போனுக்குக் கவரேஜ் இருக்கா?”

“உள்ள இல்லீங்க. ஸ்டோருக்கு முந்தின வளைவுல மட்டும் கொஞ்சம்...” வீரய்யா நிறுத்தினார். அவருக்கு விளங்கிவிட்டது. “மிஸ்! பங்களாவுல இருந்து அந்த வளைவுக்கு இருவது நிமிசங்க!”

“ஆளுங்களக் கலைய விடாதீங்க. அத்தன பேரையும் அங்க கூட்டிட்டு வாங்க. ஓடுங்க!”

போன் கட்டாகவில்லை. அவர் ஓடுவது கேட்டது. ஓடிக்கொண்டே “பழைய ஸ்டோரு! பழைய ஸ்டோரு!” என்று கத்துவது கேட்டது. அப்புறம் குரல் உடைந்து, வெறும் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே நான் மலையேறினேன். இறைவா, கொஞ்சம் நேரம் கொடு, கொஞ்சம் நேரம் கொடு என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. என் வண்டி அந்த ஏற்றத்தை இரண்டாவது கியரில் ஏறியதை எந்த மெக்கானிக்கும் நம்பமாட்டான்.

நாங்கள் போனபோது மூன்று பத்து. இருபது முப்பது பேர் முன்பே வந்துவிட்டார்கள். ஸ்டோரின் பெரிய கதவில் துருப்பிடித்த சங்கிலி. பையன்கள் கடப்பாரையால் நெம்பினார்கள். மிஸ் எல்லோரையும் அதட்டினார்.

“சத்தம் போடாதீங்க! ஒரு நிமிசம் யாரும் மூச்சு விடக்கூடாது!”

எல்லோரும் நின்றோம். மிஸ் கதவில் காதை வைத்தார். தகரத்தில் மழை. எங்கோ சொட்டுகிற தண்ணீர். வீரய்யா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

“தட்டுறா” என்றார் மிஸ். “கல்லால தகரத்தில தட்டுறா. மூணு மூணாத் தட்டுறா. உசுரோட இருக்கா!”

சங்கிலி அறுந்தது.

மேல் தளத்தின் பலகை இற்று உடைந்து, பன்னிரண்டு அடி கீழே, பழைய மெஷின்களுக்கு நடுவில் விழுந்திருந்தாள். ஒரு கால் வளையக்கூடாத பக்கமாக வளைந்திருந்தது. உதடு நீலம். போன் பக்கத்தில் சில்லுச் சில்லாகக் கிடந்தது. இருபத்திரண்டு மணித்தியாலம் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டதால், கையில் கிடைத்த கல்லை எடுத்திருக்கிறாள்.

ஒரு கதவுப் பலகையில் படுக்கவைத்து, என் ஜெர்சியையும் இன்னும் பத்துப் பேருடைய ஜெர்சியையும் போர்த்தி வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குள் கூட்டம் நூறைத் தாண்டிவிட்டது. அவள் கண் அசைவதைப் பார்த்ததும் யாரோ ஒரு பையன் கை தட்டினான். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். பெண்கள் அழுதுகொண்டே தட்டினார்கள். கஜேந்திரனும் வந்திருந்தார். கூட்டத்தின் முன்னால் நின்று, கண்ணீர் வழிய வழிய, அவரும் தட்டினார். அந்தக் கண்ணீர் நடிப்பு இல்லை. இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

மிஸ் மட்டும் தட்டவில்லை. அவர் கஜேந்திரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வினோதாவும் அவரைப் பார்த்துவிட்டாள். தலையைக் கொஞ்சம் தூக்கினாள்.

“ஐயா...” குரல் காற்று மாதிரி வந்தது. “நீங்க சொன்ன மாதிரி பழைய ஸ்டோர் வழியாத்தான் வந்தேன். பலக ஒடஞ்சு போச்சுங்க. வழி சொன்னது நீங்கதானே... நீங்களாவது வந்து பாப்பீங்கன்னு ராவெல்லாம் இருந்தேன்.”

பக்கத்தில் நின்றவர்களின் கை முதலில் நின்றது. பிறகு அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள். கடைசி வரிசையில் விஷயம் தெரியாத இரண்டு கிழவர்கள் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் நின்றது.

“வெள்ளிச் சாமான் தொடைக்க வச்சிட்டேன்” என்றார் கஜேந்திரன். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. “கல்யாணக் கோஷ்டி வருதுன்னு... கேட் பூட்டுற நேரம் ஞாபகம் இல்ல, அதான் ஸ்டோர் வழியாப் போகச் சொன்னேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா என் வேல... நாலு மணிக்கே போயிட்டான்னு சொல்லிட்டேன். அப்பு பாட்ட வச்சு அதையே சொன்னாரு. விடியிறதுக்குள்ள அவளா வந்துருவான்னு நெனச்சேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல மிஸ்.”

இந்த மனிதன்தான் இரவு முழுக்க, அவள் அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே, ஆற்றில் இறங்கி நின்று அவள் பெயரைக் கத்தினான்.

மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வினோதாவின் காலடியில் நழுவியிருந்த ஜெர்சியை இழுத்துப் போர்த்தினேன்.

வீரய்யா கஜேந்திரன் பக்கம் திரும்பக்கூட இல்லை. சேற்றில் முழங்காலை ஊன்றி, மகளின் ஈரத் தலைமுடியை முகத்திலிருந்து விலக்கிவிட்டார்.

“சுடுதண்ணி அடுப்புலயேதாம்மா இருக்கு” என்றார். “நேத்திலருந்து ஆற விடல.”